நெஞ்சுப் படமும் இரத்தப் பரிசோதனையும்
வைரஸ் நோயை நிர்ணயிக்க அவை எவ்வளவு உதவும்?

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர் ரொக்கப் புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவதில்லை. ரசீதுகளைப் பார்க்கிறார்; நூல் இருப்புப் பதிவேட்டைப் பார்க்கிறார்; கிடங்கைத் திறந்து கட்டுகளை எண்ணுகிறார். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் கணக்குச் சரி என்கிறார். ஒன்று மற்றொன்றோடு முரண்பட்டால் காரணத்தை ஆராய்ந்தறியும் வரை முடிவு எழுதுவதில்லை. நோயை நிர்ணயிக்கும் வைத்திய சாஸ்திரமும் ஏறக்குறைய இவ்வழியிலேயே நடக்கிறது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட்-19 நோய் பரவியபோது, நெஞ்சை ஸ்கான் எடுத்துப் பார்ப்பதும், இரத்தத்தில் பலவகைப் பொருள்களை அளந்து பார்ப்பதும் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் சாதாரணப் பேச்சாயின. தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் கடன் வாங்கியும் இச்சோதனைகளைச் செய்துகொண்டன. சிலருக்கு அச்செலவு உயிரைக் காத்தது. சிலருக்கு அது வீண் செலவாயிற்று. வேறு சிலரை அதுவே தவறான மருந்துக்கு இட்டுச் சென்றது. உலக சுகாதார ஸ்தாபனம் அந்நோய் பற்றிய சர்வதேச அவசர நிலையை 2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி முடித்துக்கொண்டது. ஆயினும் நோய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இன்புளுயன்ஸா முதலிய பிற வைரஸ் காய்ச்சல்களும் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இச்சோதனைகள் எதைக் கூறும், எதைக் கூறமாட்டா என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

வைரஸை நேரே தேடும் சோதனை

வைரஸ் நோயை உறுதிசெய்வதற்குரிய நேர்ச் சோதனை, அவ்வைரஸையே தேடுவதாகும். மூக்கின் உட்புறத்திலிருந்தும் தொண்டையிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் சளி எடுத்து, அதில் வைரஸின் மரபுப் பொருள் உண்டா என்று பார்ப்பது ஆர்.டி.-பி.சி.ஆர். என்னும் சோதனை. மரபுப் பொருள் மிகச் சிறிதளவே இருப்பினும், அதை மீண்டும் மீண்டும் இரட்டிக்கச் செய்து, கண்டறியும் அளவுக்குப் பெருக்கிக் காட்டுவது இதன் தத்துவம். இச்சோதனை "உண்டு" என்று கூறினால் பெரும்பாலும் நம்பலாம். "இல்லை" என்று கூறும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். குச்சி சரியான இடத்தைத் தொடாமற் போயிருக்கலாம். நோய் தொற்றிய முதல் இரண்டொரு நாட்களில் சளி எடுத்திருக்கலாம். அல்லது வைரஸ் தொண்டையில் குறைந்து நுரையீரலுக்குள் இறங்கிய பிறகு எடுத்திருக்கலாம்.

2021இல் நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் இரண்டு தாள்களை என் முன் வைத்தார். ஒன்றில் சளியில் வைரஸ் இல்லை என்று எழுதியிருந்தது. மற்றொன்றில் நுரையீரலில் வைரஸ் நோய்க்குரிய மாற்றம் காணப்படுவதாக எழுதியிருந்தது. "ஐயா, இவற்றில் எது பொய்?" என்று கேட்டார். இரண்டும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை கூறுகிறது. எந்தத் தாள் எந்தக் கேள்விக்கு விடை என்பதை உணர்ந்தால் இந்தக் குழப்பம் நீங்கும்.

படம் காட்டுவது யாது?

ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்கன் 1895ஆம் ஆண்டில் எக்ஸ்-ரே கதிரைக் கண்டுபிடித்தார். கதிர் காற்றை எளிதில் ஊடுருவும். எலும்பும் நீரும் அதைத் தடுக்கும். ஆகவே காற்று நிரம்பிய நுரையீரல் படத்தில் கறுப்பாகவும், எலும்பு வெண்மையாகவும் தோன்றும். சாதாரண எக்ஸ்-ரே படம் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் அழுத்திக் காட்டுவது. மடித்த புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போன்றது. எந்த மடிப்பில் இழை அறுந்திருக்கிறது என்று அதிற் கூறுவது கடினம். சி.டி. ஸ்கான் புடவையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் காட்டுகிறது. கதிர்க்குழாய் உடலைச் சுற்றி வந்து பல கோணங்களில் அளக்க, கம்ப்யூட்டர் அவ்வளவுகளைக் கொண்டு உடலின் மெல்லிய குறுக்குவெட்டுத் தோற்றங்களைக் கணித்துத் தருகிறது. இக்கருவியை அமைத்த ஆங்கிலேயர் ஹவுன்ஸ்பீல்டுக்கும், இதற்குரிய கணிதத்தை வகுத்த கார்மாக்குக்கும் 1979இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

கோவிட் நோயில் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைச் சுற்றி அழற்சி ஏற்பட்டு, நீரும் உயிரணுக்களும் சேருகின்றன. அவ்விடம் முழுக் கறுப்பாகவும் இராது, முழு வெண்மையாகவும் இராது. தேய்த்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மங்கலாகத் தோன்றும். அம்மங்கலுக்குள்ளே இரத்தக் குழாய்களின் கோடுகள் இன்னும் தெரியும். இம்மங்கல் இரண்டு நுரையீரல்களிலும், பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலும் வெளி ஓரத்திலும் திட்டுத்திட்டாக அமைவது இந்நோயின் வழக்கம். நோய் முற்றினால் மங்கல் தடித்து வெண்திட்டாகிறது.

ஆனால் அத்தோற்றம் கோவிட் நோய் ஒன்றுக்கே உரியதன்று. இன்புளுயன்ஸா முதலிய வேறு வைரஸ்களாலும் அத்தகைய மங்கல் உண்டாகும். இருதயம் பலவீனமடைந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் உண்டாகும். நம் விவசாய அங்கத்தினர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் தானியத்தையும் கையாளும்போது எழும் தூசியை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையால் ஒருவகை நுரையீரல் அழற்சி ஏற்படுகிறது. மேனாட்டார் அதற்கு 'விவசாயி நுரையீரல்' என்றே பெயரிட்டிருக்கின்றனர். அந்நோயிலும் படத்தில் இதே மங்கல் தோன்றும். காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் அதிலும் உண்டு. பழைய காசநோயின் தழும்பும் புதிய நோயின் குறியோடு கலந்து குழப்பம் விளைவிக்கலாம். ஆதலால் படம் எடுக்கும்போது தம் தொழிலையும், முன்பு வந்த நோய்களையும், பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் டாக்டரிடம் மறவாமல் தெரிவித்தல் வேண்டும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. நோயின் தொடக்கத்தில் படம் ஒன்றுமே காட்டாதிருக்கலாம். சீனாவில் 121 கோவிட் நோயாளிகளின் ஸ்கான் படங்களை 2020இல் ஆராய்ந்தார்கள். அவர்களுள், நோய்க்குறி தோன்றி இரண்டு நாட்களுக்குள் படம் எடுக்கப்பெற்றவர் 36 பேர். அந்த 36 பேரில் 20 பேரின் நுரையீரல் படம் குற்றமற்றதாகவே இருந்தது. இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. ஜப்பானியத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் என்னும் கப்பலில் நோய் தொற்றியவர்களில் 104 பேருக்கு ஸ்கான் எடுத்தார்கள். அவர்களுள் 76 பேருக்கு எவ்வித நோய்க்குறியும் இல்லை. எனினும் அந்த 76 பேரில் 41 பேரின் நுரையீரலில் மங்கல் காணப்பட்டது. நோயாளியின் நிலையும் படமும் எப்போதும் இணைந்தே செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்பது இவ்விரண்டாலும் விளங்கும்.

ஊகான் நகரத்தின் பாடம்

சீனாவின் ஹூபே மாகாணத்தில் 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நோயாளிகள் பெருகியபோது சளிச் சோதனை செய்யும் வசதி போதவில்லை. முடிவு வரத் தாமதமாயிற்று. நோய் பெயரிடப்படாத வரையில் நோயாளியைத் தனியே வைக்கவும் படுக்கை கொடுக்கவும் தடை ஏற்பட்டது. எனவே அம்மாகாணத்தில் மட்டும், நோய்க்குறியும் நெஞ்சுப் படமும் ஒத்திருந்தால் சளிச் சோதனைக்குக் காத்திராமல் கோவிட் நோயாளியாகக் கணக்கிடலாம் என்று விதி வகுத்தார்கள். பிப்ரவரி 12ஆம் தேதிக்குரிய கணக்கில் ஒரே நாளில் 14,840 புதிய நோயாளிகள் சேர்ந்தார்கள். அவர்களுள் 13,332 பேர் இப்புது விதியின்படி சேர்க்கப்பட்டவர்கள். சோதனை வசதி பெருகியதும், சில நாட்களுக்குள்ளேயே அவ்விதி கைவிடப்பட்டது. நெருக்கடியில் படம் எவ்வாறு பயன்பட்டது என்பதும், நெருக்கடி தணிந்ததும் அதன் இடம் எவ்வாறு சுருங்கியது என்பதும் இதனால் தெரியவருகின்றன.

அதே மாதத்தில் ஊகான் நகரின் தோங்ஜி ஆஸ்பத்திரியில் 1,014 பேருக்குச் செய்யப்பட்ட இருவகைச் சோதனைகளின் முடிவு வெளிவந்தது. சளியில் வைரஸ் காணப்பட்டவர் 601 பேர். அவர்களில் 580 பேருக்குப் படத்திலும் மாற்றம் இருந்தது. அதாவது நூற்றுக்கு 97 பேரைப் படம் பிடித்துவிட்டது. இவ்வெண்ணைக் கேட்டவர்கள் ஸ்கானே போதும் என்று எண்ணினார்கள். மறுபக்கத்துக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். சளியில் வைரஸ் இல்லை என்று கூறப்பட்ட 413 பேரில் 308 பேருக்கும் படத்தில் மாற்றம் இருந்தது. அவர்களுள் சிலர் சளிச் சோதனை தவறவிட்ட உண்மை நோயாளிகளாயிருக்கலாம். வேறு சிலர் வேறு நோயால் வருந்தியவர்களாயிருக்கலாம். வரவுப் பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்துச் சங்கம் லாபத்தில் நடக்கிறது என்று கூறுவார் உண்டோ?

ஆயிரம் பேர் கணக்கு

பிற்காலத்தில் பல நாட்டு ஆராய்ச்சிகளையும் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் என்னும் அமைப்பு, ஸ்கான் கோவிட் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 87 பேரைச் சரியாகக் காட்டுகிறது என்றும், கோவிட் இல்லாதவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பேரைச் சரியாக விலக்குகிறது என்றும் கண்டது. இவ்விரு எண்களையும் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காய்ச்சலோடு வந்த 1,000 பேரில் 100 பேருக்கு மட்டுமே கோவிட் என்று கொள்வோம். ஸ்கான் அந்த 100 பேரில் 87 பேரைக் காட்டும். 13 பேரைத் தவறவிடும். மீதி 900 பேரில் 702 பேரைச் சரியாக விலக்கும். 198 பேருக்கு நோய் உண்டு எனத் தவறாகக் காட்டும். ஆகவே "உண்டு" என்று கூறப்பட்டவர் மொத்தம் 285 பேர். அவர்களில் உண்மை நோயாளிகள் 87 பேரே. அதாவது பத்துக்கு மூன்று.

நோய் உச்சத்தில் இருந்து, அதே 1,000 பேரில் 500 பேருக்குக் கோவிட் என்று கொள்வோம். ஸ்கான் 435 பேரைச் சரியாகக் காட்டும். 110 பேரைத் தவறாகக் காட்டும். "உண்டு" என்று கூறப்பட்ட 545 பேரில் 435 பேர் உண்மை நோயாளிகள். அதாவது பத்துக்கு எட்டு.

கருவி ஒன்றே; படிக்கும் டாக்டரும் ஒருவரே. ஆயினும் ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவின் மதிப்பு மாறுகிறது. ஒரு காலத்தில் நம்பத்தக்கதாயிருந்த படம் மற்றொரு காலத்தில் அவ்வாறு இல்லாமைக்குக் காரணம் இதுவே. இக்காரணம் பற்றியே அமெரிக்க ரேடியாலஜிக் கல்லூரி 2020 மார்ச்சு மாதத்தில், நோயைச் சலித்தெடுக்கவோ முதற்சோதனையாகவோ ஸ்கானை உபயோகிக்கலாகாது என்று அறிவுறுத்தியது. உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சளிச் சோதனை கிடைக்காத இடத்தும், முடிவு தாமதமாகும்போதும், முதற்சோதனை இல்லையென்று கூறியும் சந்தேகம் வலுவாயிருக்கும்போதும் படத்தின் துணையைக் கொள்ளலாம் என்று வரையறுத்தது.

படத்தோடு வரும் எண்கள் இரண்டு. அவற்றை ஒன்றாகக் கருதிக் கலங்கியவர் பலர். முதலாவது, ஒன்று முதல் ஐந்து வரை கோவிட் என்னும் சந்தேகத்தின் வலிமையைக் குறிப்பது. கோ-ராட்ஸ் என்னும் இம்முறை 2020இல் நெதர்லாந்தில் வகுக்கப்பட்டது. இரண்டாவது, நுரையீரலின் ஐந்து பிரிவுகளுக்கும் தனித்தனியே ஐந்துவரை மதிப்பிட்டு, மொத்தம் 25க்கு இவ்வளவு என்று பாதிப்பின் பரப்பைக் குறிப்பது. முன்னது நோய் எது என்பது பற்றியது. பின்னது எவ்வளவு என்பது பற்றியது.

இரத்தம் கூறும் செய்தி

பயிரின் இலை மஞ்சளானால் பயிர் வருந்துகிறது என்று அறிகிறோம். ஆயின் தழைச்சத்துக் குறைவாலும் இலை மஞ்சளாகும். நீர் தேங்கி வேர் அழுகினாலும் மஞ்சளாகும். வெள்ளை ஈ கொணரும் வைரஸால் வெண்டையின் நரம்புகளும் மஞ்சளாகும். மஞ்சள் நிறம் ஒன்றைக் கொண்டு எந்த மருந்தும் தெளித்துவிடுவார் இல்லை. இரத்தத்தில் அளக்கும் பொருள்களும் இத்தகையனவே.

சி-ரியாக்டிவ் புரதம் என்பது உடலில் எங்கேனும் அழற்சி ஏற்பட்டால் ஈரல் உற்பத்தி செய்து இரத்தத்தில் விடும் பொருள். 1930இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தில், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதை முதன்முதல் கண்டார்கள். பாக்டீரியா நோயில் இது பெரிதும் உயரும். சாதாரண வைரஸ் காய்ச்சலில் அவ்வளவு உயராது. ஆனால் கடுமையான கோவிட் நோயில் இதுவும் மிக உயர்ந்தது. ஆகவே இந்த ஓர் எண்ணைக் கொண்டு வைரஸா பாக்டீரியாவா என்று பிரித்தறிய இயலாது.

வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்னும் வகை கோவிட் நோயில் குறைவது வழக்கம்; குறைவு மிகுந்தால் நோய் கடுமை எனக் கொள்வர். டி-டைமர் என்பது உறைந்த இரத்தம் கரையும்போது சிதறும் துணுக்கு; இரத்தக் குழாய்களுக்குள் உறைவு நிகழ்கிறதா என்ற எச்சரிக்கையை அது தரும். ஆனால் கர்ப்ப காலத்திலும், காயம்பட்ட பின்னும், முதுமையிலும் அது தானே உயர்ந்திருக்கும். ஃபெரிட்டின் இரும்புச் சத்தைச் சேமித்து வைக்கும் புரதம். அழற்சியில் உயரும், இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் தாழும். புரோகால்சிட்டோனின் என்பது பாக்டீரியா நோயில் உயர்ந்து, வைரஸ் நோயில் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்பது; வைரஸ் நோயின் மேல் பாக்டீரியா நோயும் சேர்ந்துகொண்டதா என்று ஊகிக்க இது சிறிது உதவும்.

இவ்வித இரத்தச் சோதனைகளையெல்லாம் காக்ரேன் அமைப்பு 2020இல் ஆராய்ந்தது. இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று கோவிட் உண்டு என்று உறுதிப்படுத்தவோ, இல்லை என்று விலக்கவோ போதியதன்று என்பதே அதன் முடிவு.

அப்படியாயின் இரத்தச் சோதனையால் பயன் யாது? நோயின் பெயரை அறிவதைவிட, அதன் போக்கை அறிவதிலும் சிகிச்சையைத் தேர்வதிலுமே அதன் பெரும்பயன் இருக்கிறது. பிரிட்டனில் நடந்த ரெகவரி என்னும் பெரும் பரிசோதனை இதற்குச் சான்று. மூட்டு வாதத்துக்கு வழங்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தை, ஆக்ஸிஜன் குறைந்து, சி-ரியாக்டிவ் புரதமும் லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது மரணம் குறைந்தது என்று 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள். இரத்தத்தின் ஓர் எண், யாருக்கு அம்மருந்து உரியது என்று தேர்ந்தெடுக்க உதவியது.

எண்ணைக் கண்டு மருந்து தின்னும் அபாயம்

அதே பரிசோதனை 2020 ஜூன் மாதத்தில் மற்றோர் உண்மையையும் வெளியிட்டது. டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மை எதுவும் விளையவில்லை.

இதை அறியாமல், ஸ்கானில் சிறு மங்கல் இருக்கிறது, இரத்தத்தில் ஓர் எண் உயர்ந்திருக்கிறது என்ற காரணத்தாலேயே, மூச்சு நன்றாயிருந்தவர்கள் வீட்டிலேயே ஸ்டீராய்டு உட்கொண்டதுண்டு. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் 'கருப்புப் பூஞ்சை' நோய் பரவி, தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்கள் அதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்க நேர்ந்தது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும், அளவு மீறிய ஸ்டீராய்டும் அதற்குரிய முக்கிய காரணங்களாகக் கருதப்பட்டன. அம்மாதத் தொடக்கத்தில், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராயிருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, இலேசான நோயுள்ளவர்கள் ஸ்கானுக்கும் இரத்தச் சோதனைக்கும் ஓடவேண்டாம். தேவையற்ற சோதனை தேவையற்ற மருந்தில் கொண்டுவிடும் என்று எச்சரித்தார்.

அங்கத்தினர் கவனிக்க வேண்டுவன

முதலாவது, சோதனையைத் தாமே தேர்ந்துகொள்ளாமல், டாக்டர் பார்த்தபின் அவர் எழுதிக்கொடுத்த சோதனையைச் செய்துகொள்ளுதல். "இச்சோதனையின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" என்று அவரிடம் பணிவுடன் கேட்கலாம். எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது எனில் அப்பணம் கையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, காய்ச்சலும் இருமலும் உள்ளபோது விரலில் மாட்டி ஆக்ஸிஜனை அளக்கும் சிறு கருவியைப் பயன்படுத்துதல். அளவு 94க்குக் கீழ் இறங்கினாலும், நடக்கையில் மூச்சு வாங்கினாலும், படத்துக்கும் தாளுக்கும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். விதிகள் இடந்தருமாயின், சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து இத்தகைய கருவி ஒன்றிரண்டை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கலாம். ஒரு ஸ்கானுக்காகும் தொகையில் பல வீடுகளுக்குப் பயன்படும் சாதனம் இது.

மூன்றாவது, தாள்களைப் பத்திரப்படுத்துதல். கோவிட் நோயால் இறந்தோரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கருணைத் தொகை வழங்க 2021இல் ஏற்பாடாயிற்று. சளிச் சோதனையில் வைரஸ் காணப்பட்டவர்கள் மட்டுமன்றி, ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தபோது பிற பரிசோதனைகளைக் கொண்டு டாக்டர் கோவிட் என முடிவு செய்தவர்களும் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான வழிமுறைகளில் கோவிட் நோயாளிகளாகவே கொள்ளப்பட்டனர். சளிச் சோதனை இல்லை என்று சொல்லியிருந்த குடும்பங்களுக்கு, படமும் இரத்தக் கணக்கும் டாக்டரின் குறிப்பும் எவ்வளவு முக்கியமாயின என்று கூற வேண்டுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கத்தையும், படத்தையும், சோதனைத் தாள்களையும் கேட்டு வாங்கி, பாஸ் புத்தகத்தோடும் பங்குச் சான்றிதழோடும் சேர்த்து வைப்பது குடும்பத் தலைவரின் கடமை.

சளிச் சோதனை வைரஸ் உண்டா என்று கூறும். படம் நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று கூறும். இரத்தம் உடல் எவ்வாறு போராடுகிறது என்று கூறும். இம்மூன்றையும் நோயாளியின் மூச்சோடும் நாடியோடும் சேர்த்து வைத்து முடிவு கூறுவது டாக்டரின் வேலை. காலத்தில் அவரிடம் செல்வதும், தொழிலையும் பழைய நோயையும் ஒளிக்காமல் சொல்வதும் நம் வேலை.